ஆடலோட்டமா? நேரோட்டமா?

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாட் காலையில் என் தமக்கையின் மகன் என்னைத் தேடி வந்தான். அவனும் ஆசிரியத் தொழில் பார்ப்பவன்; மணமாகி அப்பொழுது இரண்டாண்டு. வன்னியிலே, பெருந்தெருவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் உள்ளே, தந்தைவழி வந்த மூன்று ஏக்கர் மேட்டுக் காணியில் சிறு வீடொன்றைக் கட்டி, கூரையும் வேய்ந்து, சுவருக்குச் சாந்து பூசுகின்ற தறுவாயில் வந்திருந்தான். மின்கம்பம் அந்தப் பக்கத்தை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கம்பம் நாட்டிக் கம்பி இழுத்து வருவதற்கு ஆகும் செலவை விசாரித்தறிந்தபின் அந்த ஆசையை அவன் கைவிட்டு விட்டான். கதிரவனையும் பற்றரியையும் நம்பி வாழ்வதெனக் கணவனும் மனைவியும் தீர்மானித்து விட்டனர்.

“மாமா, சுவர் பூச முந்தி வயர் பதிக்க வேணும். ஏ.சி.யோ டி.சி.யோ எண்டு நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ” என்றான்.

கேள்வி சிறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவன் நான்; ஒரு நிமிடத்தில் விடை கூறியிருக்கலாம். ஆயினும் கூறவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. அந்த வீட்டில் அவர்களோடு வாழப் போகிறவள் என் தமக்கை. நீரிழிவு நோயினால் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக் கொள்பவள். இன்சுலினைத் திறவாமல் வைத்திருக்கும் காலத்தில் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் பேண வேண்டும். ஆதலின் அவன் கேட்டது விளக்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. இஃது ஒன்று. மற்றைய காரணம் 1992ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஊஞ்சலும் ஓடையும்

மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு இருவகை ஓட்டங்கள் உண்டு. பற்றரியிலிருந்தும் சூரியப் பலகையிலிருந்தும் வருவது நேரோட்டம். அஃது ஓடை நீரைப் போல ஒரு திசையிலேயே செல்லும். மின்வழங்கற் கம்பியில் வருவது ஆடலோட்டம். அஃது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அவ்வாறு ஆடுகிறது. ஆடுகின்ற ஓட்டத்துக்கு ஆடலோட்டம் எனப் பெயரிட்ட நம் கலைச்சொல்லாக்கக்காரரை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறேன். பெயரைக் கேட்ட மாத்திரத்திலே பொருள் விளங்கும் சொற்கள் நம்மிடம் அதிகமில்லை.

இவ்விரண்டு ஓட்டங்களுக்கும் இடையே ஒரு காலத்தில் பெரும் போரே நிகழ்ந்தது. 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆந் திகதி, நியூயோர்க் நகரின் பேர்ள் தெருவில் தொமஸ் எடிசன் தமது மின்நிலையத்தை இயக்கி வைத்தார். அங்கிருந்து புறப்பட்டது நேரோட்டம். ஏறக்குறைய 110 உவோற்று அழுத்தத்தில் அது வீடுகளுக்குச் சென்றது. ஆனால் ஒரு மைலுக்கு அப்பால் அதனைப் பயன்தருமாறு கொண்டுசெல்ல இயலவில்லை. கம்பியின் தடை, வழியிலேயே அதனைத் தின்றுவிட்டது. மைலுக்கு ஒரு மின்நிலையம் கட்டுவதா, அன்றிக் கையளவு பருமனான செம்புக் கம்பியைப் புதைப்பதா என்பதே எடிசனை எதிர்கொண்ட சிக்கல்.

ஆடலோட்டத்துக்கு இச்சிக்கல் இல்லை. ஓர் இரும்புக் கருவின்மீது இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினால் அது நிலைமாற்றியாகிவிடும். அதன் உதவியால் அழுத்தத்தை உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் தாழ்த்தி வீட்டுக்குக் கொடுக்கலாம். 1886ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்ரான்லி என்பவர் அமெரிக்காவின் கிரேற் பாரிங்ரன் என்னும் சிற்றூரில் இதனைச் செய்து காட்டினார். ஜோர்ஜ் வெஸ்ற்றிங்ஹவுஸ் முதல் போட்டார். நிக்கோலா தெஸ்லா ஆடலோட்டத்தில் இயங்கும் மோட்டாரை அளித்தார். ஆடலோட்டம் உயிர்கொல்லி என்று எடிசனின் பக்கத்தார் பெரும் பிரசாரம் செய்தும் பயனில்லை. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஆடலோட்ட விளக்குகள் எரிந்தன. 1896ஆம் ஆண்டில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இருபது மைலுக்கப்பாலுள்ள பஃபலோ நகரைச் சென்றடைந்தது. போர் அத்துடன் முடிந்தது. ஆயினும் தோற்றவர் உடனே மறைந்துவிடவில்லை. நியூயோர்க்கில் எடிசனின் வழிவந்த நேரோட்ட வழங்கலின் இறுதி இணைப்பு 2007ஆம் ஆண்டிலேதான் துண்டிக்கப்பட்டது.

நம் நாட்டின் கதையும் இதற்கு வேறானதன்று. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எழுத்தில் எடுத்துரைத்தார். இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில். அருவி மலையிலே, விளக்கோ கொழும்பிலே. இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஆடலோட்டமே வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றை நான் மருமகனுக்குச் சொன்னதற்கு ஒரு நோக்கம் உண்டு. ஆடலோட்டம் வென்றது அது மேலானதென்பதால் அன்று. தூரத்தை வென்றதாலேயே உலகையும் வென்றது. கூரைமேல் சூரியப் பலகையும், அடுத்த அறையில் பற்றரியும், பத்தடி தள்ளி விளக்கும் வைத்திருப்பவனுக்குத் தூரம் எங்கே இருக்கிறது? எடிசன் தோற்ற களம் அதுவன்று. அவனுடைய வீட்டிற்குள் அந்தப் பழைய வழக்கை மீண்டும் விசாரிக்கத்தான் வேண்டும்.

தலைகீழாய் நின்ற மிதிவண்டி

வழக்கை நான் முதன்முதலில் விசாரித்தது புத்தகத்திலன்று. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து அறுந்து போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும், பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கிலே மாணவர் படித்தனர். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர் பலர் இன்று இப்பத்திரிகையை வாசித்துக் கொண்டிருக்கக்கூடும்.

வானொலி கேட்பதற்கு மிதிவண்டி உதவிற்று. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையினாற் சுழற்றினால், சில்லோடு உராயும் தைனமோ மின்சாரம் தரும். முதல் நாள் அதனை நேரே வானொலியில் இணைத்த எங்கள் அயலவருக்குக் கிடைத்தது செய்தியன்று, உறுமல் மட்டுமே. காரணம் எளிது. மிதிவண்டித் தைனமோவினுள்ளே காந்தம் சுழல்கிறது. சுருள் அசையாமல் நிற்கிறது. அதிலிருந்து பிறப்பது ஆடலோட்டம். முகப்பு விளக்கு எந்த ஓட்டமாயினும் எரியும். வானொலி அப்படியன்று, அதற்கு நேரோட்டமே வேண்டும்.

பழுதடைந்த வானொலிகளைக் கழற்றி நான்கு இருவாயிகளை எடுத்தேன். அவற்றை ஒரு சதுரமாக இணைத்தால், முன்னும் பின்னும் ஆடுகின்ற ஓட்டம் வெளியே வருகையில் ஒரு திசையை மேற்கொள்ளும். எஞ்சிய நடுக்கத்தை ஒரு கொள்ளளவி ஆற்றிவிடும். அன்று மாலை எங்கள் முற்றத்தில் பதினைந்து பேர் கூடியிருந்து தமிழோசை கேட்டனர். பையன்கள் முறைவைத்துச் சுழற்றினர். சுழற்றுபவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்தது. ஓட்டம் இருவாயிகளைக் கடக்கையில் ஒன்றரை உவோற்றளவு அவற்றிலேயே செலவாயிற்று. ஆறு உவோற்றை வருந்திப் பெறுகின்ற இடத்தில் ஒன்றரை உவோற்று என்பது பெரும் வரி. ஓர் ஓட்டத்தை மற்றோர் ஓட்டமாக மாற்றும்போதெல்லாம் வரி கட்ட வேண்டும் என்பதை நான் அறிந்தது அந்த முற்றத்திலேதான்.

மருமகனின் வீட்டிலும் அதே வரிக் கணக்கு எழுகிறது. பற்றரியிலுள்ளது நேரோட்டம். இன்வேட்டர் என்னும் கருவி அதனை 230 உவோற்று ஆடலோட்டமாக மாற்றுகிறது. அங்கே ஒரு வரி. அந்த ஆடலோட்டம் எல். ஈ. டி. மின்குமிழுக்குச் செல்கிறது. அக்குமிழின் கழுத்துக்குள் ஒரு சிறு கருவி அதனை மீண்டும் நேரோட்டமாக்குகிறது. ஏனெனில் ஒளிகாலும் இருவாயி நேரோட்டத்தையே உண்ணும். அங்கே இன்னொரு வரி. கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய யாவும் இவ்வாறே தம் வாயிலில் ஆடலோட்டத்தை வாங்கி உள்ளே நேரோட்டமாக்கிக் கொள்கின்றன. நெல்லைக் குற்றி அரிசியாக்கி, அரிசியை மீண்டும் நெல்லாக்க முயல்வது போன்ற வேலை இது.

அன்றியும் இன்வேட்டர் ஒன்று, அதிலே யாதும் இயங்காத வேளையிலும், விழித்திருப்பதற்கென ஓரளவு மின்சாரத்தைக் குடித்துக் கொண்டேயிருக்கும். நடுத்தரமான ஒன்று 15 உவாற்றுக் குடிப்பதாகக் கொள்வோம். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் அது 360 உவாற்று மணியாகிறது. 7 உவாற்று விளக்குகள் ஆறு, இரவு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஆகும் செலவோ 210 உவாற்று மணிதான். காவற்காரனின் சம்பளம் வீட்டுக்காரனின் சாப்பாட்டை விஞ்சுகின்றது.

தூரத்தின் கணக்கு

இதுவரை கூறியதைக் கேட்ட மருமகன், “அப்ப முழுக்க டி.சி.தான்” என்று எழுந்துவிட்டான். இருத்தினேன். நேரோட்டத்தின் மறுபக்கத்தையும் காட்டாவிட்டால் நான் ஆசிரியனல்லேன், வழக்கறிஞன்.

ஒரே வலுவைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பெருகும். ஓட்டம் பெருகினால் கம்பியில் இழப்புப் பெருகும். வீடுகளில் வழங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி, மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.007 ஓம் தடையுடையது. பற்றரியிலிருந்து 15 மீற்றர் தள்ளியுள்ள அறைக்குப் போகவும் வரவும் 30 மீற்றர். தடை 0.21 ஓம். அந்த அறையில் 60 உவாற்று வேலை நடக்கிறதெனக் கொள்வோம். 12 உவோற்று நேரோட்டமாயின் 5 அம்பியர் செல்ல வேண்டும். ஓமின் விதிப்படி ஒரு உவோற்று வழியிலே போய்விடும், பன்னிரண்டில் ஒன்று. இதையே 24 உவோற்றாக்கினால் இரண்டரை அம்பியரே வேண்டும். வழியில் இழப்பது அரை உவோற்று. ஏறக்குறைய ஐம்பதில் ஒன்று. அழுத்தத்தை இரட்டித்தால் கம்பியில் வீணாகும் வலு நாலிலொன்றாகக் குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

அறைக்கு இவ்வளவு. கிணற்றுக்கு என்ன? கிணறு வீட்டிலிருந்து 40 மீற்றர். போக வர 80 மீற்றர், தடை 0.56 ஓம். நீரிறைக்கும் இயந்திரம் 750 உவாற்று. 12 உவோற்றில் அதற்கு 62 அம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு ஓட்டம் அந்தக் கம்பியில் செல்வதாயின் வழியில் இழக்க வேண்டியது 35 உவோற்று! பன்னிரண்டு உவோற்றை வைத்திருப்பவன் முப்பத்தைந்து உவோற்றை எங்ஙனம் இழப்பான்? இயந்திரம் அசையவே அசையாது. 230 உவோற்று ஆடலோட்டத்திலோ, மூன்றேகால் அம்பியர் போதும். இழப்பது இரண்டு உவோற்றுக்கும் குறைவு. நூற்றில் ஒன்று கூட இல்லை. கிணற்றடி என்பது எடிசன் தோற்ற களந்தான்.

இக்கணக்கை அறியாதார் எனினும் நம் நாட்டு மக்கள் இதனைத் தம் அனுபவத்தினாற் கண்டிருக்கின்றனர். சப்பிரகமுவ மலைகளிலே சிற்றோடை நீரால் மின்சாரம் எடுத்த கிராமங்கள் பல. ஓடை ஓரிடம், வீடுகள் பள்ளத்தாக்கெங்கும் சிதறிக் கிடக்கும். அவர்கள் கொண்டது 230 உவோற்று ஆடலோட்டம். 1997ஆம் ஆண்டு முதல் உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த திட்டங்களின் கீழ் நாட்டுப்புற வீடுகள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை சூரிய மின்சாரம் பெற்றன. ஒரு பலகை, ஒரு பற்றரி, நாலைந்து விளக்கு, சிறியதொரு தொலைக்காட்சி. அவர்கள் கொண்டது 12 உவோற்று நேரோட்டம். இரு சாராரும் சரியாகவே செய்தனர். தூரம் வேறு, தேவை வேறு. ஆகவே ஓட்டமும் வேறு.

றங்குப்பெட்டி

இனி 1992ஆம் ஆண்டுக்கு வருகிறேன். மாணவர்க்கு இதுவரை நான் இதனைச் சொன்னதில்லை.

வானொலியில் பெற்ற வெற்றி எனக்குத் தலைக்கேறியிருந்தது. லொறியொன்றின் பழைய 12 உவோற்றுப் பற்றரியைத் தேடிப் பெற்று, மண்ணெண்ணெயில் மின்பிறப்பாக்கி ஓட்டிய ஒருவரிடம் கொடுத்து மின்னேற்றி, வீட்டிலே இரண்டு சிறு விளக்குகளை எரியவிட்டேன். தடித்த கம்பி கிடைக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பாவிக்கும் மெல்லிய கம்பியைக் கிடுகுக் கூரையின் கீழ் வளையோடு ஓட்டி, ஆணிகளால் இறுக்கினேன். உருகி இடவில்லை. உருகியின் அவசியத்தை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். ஆயினும், பன்னிரண்டு உவோற்று மனிதனைத் தீண்டாது; தொட்டாலும் தெரியாது; அதற்கெதற்கு உருகி என்ற எண்ணம்.

பன்னிரண்டு உவோற்று மனிதனைத் தீண்டாது என்பது மெய். கம்பியைத் தீண்டும் என்பதை நான் எண்ணவில்லை. வீட்டு மின்கம்பியில் குறுக்குச் சுற்று நேர்ந்தால் உருகி காக்கும். பற்றரியின் வாயில் உருகி இல்லையேல் காப்பதற்கு எவருமில்லை. லொறிப் பற்றரி ஒன்று சில நொடிகளில் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்ட வல்லது. ஓர் ஆணி, கம்பியின் உறையைச் சிறுகச் சிறுக அறுத்திருக்கிறது. மாரிகாலத்து இரவொன்றில் இரண்டு கம்பிகளும் முட்டிக் கொண்டன. மெல்லிய கம்பி செந்தணலாயிற்று. மேலே கிடுகு.

உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. தலைவாசற் கூரை மட்டும் எரிந்தது. அயலவர் கிணற்று நீரள்ளி அணைத்தனர். தலைவாசலில் என் தந்தையாரின் றங்குப்பெட்டி இருந்தது. அவர் ஊரிலே பரியாரியார். தம் குருவிடமிருந்தும் ஏடுகளிலிருந்தும் நாற்பது ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதிய மருந்துக் குறிப்புக்கள் அப்பெட்டிக்குள் இருந்தன. காலையில் பெட்டியைத் திறந்தபோது, ஓரம் ஓரமாகச் சில எழுத்துக்களே மிஞ்சியிருந்தன.

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பன்னிரண்டு உவோற்றுத்தானே என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, “நெருப்புக்குச் சின்னன் பெரிசு தெரியாது, தம்பி” என்றார். அவ்வளவுதான். ஒரு வாரங் கழித்துப் புதுக் கொப்பியொன்று கேட்டு வாங்கி, நினைவில் நின்றவற்றை எழுதத் தொடங்கினார். முப்பது பக்கம் வரை எழுதினார். பின்னர்க் கண் மங்கிற்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தெருவில் இறங்கியபோது, அந்தக் கொப்பியை நான் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தேன். அஃது இன்றும் என்னிடம் உண்டு. இறுதிப் பக்கத்தில் ஒரு மருந்தின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. சரக்குக்களும் அளவும் எழுதப்படவில்லை.

மருமகனுக்கு இதனைச் சொல்லி முடித்தபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. அவனுடைய தாய் வழிப் பாட்டனாரின் கைப்பிரதி எரிந்த கதை அவனுக்குத் தெரியும். எரித்தவன் யாரென்பதுதான் தெரியாது.

முடிவு

அடுத்த கிழமை நானே அந்தக் காணிக்குச் சென்றேன். மருமகனின் மனைவி கூர்மையான புத்தியுடையவள். என் கணக்குகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின், “மாமா, ஏ.சி. குமிழ் எண்டால் சந்திக் கடையிலை வாங்கலாம். உங்கடை டி.சி. குமிழ் பழுதாய்ப் போனால் நாங்கள் எங்கை போறது? ஊரிலை வயர் வேலை தெரிஞ்ச ஆளுக்கும் ஏ.சி.தானே தெரியும்?” என்று கேட்டாள்.

இக்கேள்விக்கு ஓமின் விதியில் விடையில்லை. கருவியின் சிறப்பு ஒருபுறம். அது கெட்டால் திருத்துவதற்கு மனிதரும் மாற்றுவதற்குச் சாமானும் கிடைப்பது மறுபுறம். பெரிய வீடும், மிகுந்த பலகைகளும், பல கருவிகளும் உடையவர்கள் முழுவதும் ஆடலோட்டமாகவே அமைத்துக் கொள்வதற்கு இதுவே முதன்மையான நியாயம். அதனைக் குறைகூற நான் வரவில்லை. அவர்களுக்குக் காவற்காரனின் சம்பளம் ஒரு பொருட்டன்று. நாளொன்றுக்கு ஓராயிரம் உவாற்று மணியில் வாழப் போகின்ற இந்த வீட்டுக்கு அது மூன்றிலொரு பங்கு.

அவளிடம் ஒரு கேள்வியை நானும் கேட்டேன். “பிள்ளை, எது நிண்டால் பொறுக்கலாம், எது நிண்டால் பொறுக்கேலாது? ஒரு தாளிலை எழுது பாப்பம்.”

அவள் எழுதினாள். பொறுக்க முடியாதவை: மாமியின் இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி, இரவு விளக்கு, தொலைபேசி. பொறுக்கக்கூடியவை: நீரிறைக்கும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி. முடிவு அந்தத் தாளிலேயே இருந்தது.

பொறுக்க முடியாதவற்றைப் பற்றரியோடு நேரே, இடையில் இன்வேட்டர் இல்லாமல், 24 உவோற்று நேரோட்டத்தில் இணைத்தோம். நேரோட்டத்தில் இயங்கும் சிறு குளிர்சாதனப் பெட்டியின் விலை அதிகம். அதற்காக வேறு செலவுகளைக் குறைத்தனர். பற்றரிக்கும் அதற்கும் இடையே ஆறு மீற்றரே இருக்குமாறு அறையை மாற்றினோம். நேரோட்ட மின்குமிழ் ஒரு பெட்டி வாங்கி அலுமாரியில் வைத்தோம். பொறுக்கக்கூடியவற்றுக்கு 230 உவோற்று ஆடலோட்டம். இன்வேட்டரைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குவது. நண்பகல் வெயிலில் ஒரு மணித்தியாலம் நீரிறைத்துத் தொட்டியை நிரப்புவது. மின்சாரத்தைப் பற்றரியில் சேமிப்பதைவிட நீரைத் தொட்டியில் சேமிப்பது மலிவு. மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது வேண்டுவதைப் போலப் பன்மடங்கு ஓட்டத்தை ஒரு கணம் இழுக்கும். ஆதலால் இன்வேட்டரை அதற்குத் தக்கதாகத் தெரிந்தோம்.

சில காரியங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பற்றரியின் வாயிலிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், உருகி. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி உருகி. கணக்குக் காட்டியதைவிட ஒரு படி தடித்த கம்பி. நேரோட்டத்துக்கென அடையாளமிட்ட ஆளிகள். ஆடலோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டு மீள்கிறது. ஆகையால் ஆளியைத் திறக்கையில் எழும் தீப்பொறி தானே அணையும். நேரோட்டம் பூச்சியத்தைத் தொடுவதில்லை. அதன் பொறி எளிதில் அணையாது. அழுத்தமும் ஓட்டமும் மிகுந்தால் ஆளியையே எரித்துவிடும். இறுதியாக, இரு ஓட்டங்களின் கம்பிகளும் ஒரே குழாயில் செல்லலாகாது. செருகிகளும் வெவ்வேறு வடிவின. குழந்தை பிறந்து வளர்ந்து கை நீட்டும் வீடு அது.

கார்த்திகை மழைக்குள் ஒருமுறை போயிருந்தேன். இடியோடு கூடிய மழையொன்றில் இன்வேட்டர் பழுதாகி, நகரத்துக்குத் திருத்தக் கொடுத்திருந்தார்கள், பதினொரு நாளாயிற்றாம். மருமகன் கிணற்றில் வாளியால் அள்ளிக் கொண்டிருந்தான். தொலைக்காட்சி துணியால் மூடியிருந்தது. மூன்று நாளாக வெயிலில்லாமையால் மின்விசிறியையும் கணினியையும் நிறுத்தியிருந்தனர். மூலையில் குளிர்சாதனப் பெட்டி மெல்ல முனகிக் கொண்டிருந்தது. தமக்கை அதனைத் திறந்து, உள்ளே தொங்கிய வெப்பமானியைக் காட்டினாள். ஐந்து பாகை.

“கம்பி சூடேறுதோ எண்டு தம்பி ஒருக்கால் தொட்டுப் பாரன்” என்றாள்.

நான் பற்றரி அறைக்குச் சென்று, உருகிப் பெட்டியிலிருந்து சுவர் வரை கம்பியைக் கையால் தடவிப் பார்த்தேன். குளிர்ந்தே இருந்தது.